காப்புரிமை புதுமையை வளர்க்கிறதா, வழியை அடைக்கிறதா?

கரிக்கோல்:
ஒன்றைக் கண்டுபிடித்தவரைத் தவிர வேறு யாரும் சில வருடங்களுக்கு அதைச் செய்து விற்கக் கூடாது என்பதுதான் காப்புரிமை (பேட்டன்ட்). வளரும் நாடுகள் அந்தச் சட்டத்தை இறுக்கினால்தான் புதுமை பிறக்கும் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். வரலாறு அப்படி இல்லையே. நெதர்லாந்து 1869-ல் காப்புரிமைச் சட்டத்தையே தூக்கிப் போட்டது. 1912 வரை அங்கே அது கிடையாது. அந்த இடைவெளியில், 1891-ல், பிறந்ததுதான் பிலிப்ஸ். வேறு யாரோ கண்டுபிடித்த மின்விளக்கைச் செய்து விற்றே வளர்ந்தது. பார்த்துச் செய்யாமல் யாருக்குக் கை பழகும்?

அச்சாணி:
பாதிக் கதைதான் சொல்கிறீர்கள். அதே பிலிப்ஸ் தனக்கென்று ஆய்வகம் தொடங்கியது 1914-ல். சட்டம் திரும்பி வந்து இரண்டே வருடம்!

கரிக்கோல்:
சரி, அந்த ஆய்வகத்துக்குக் காசு எங்கிருந்து வந்தது? 20 வருடத்துக்கு மேல் விளக்கு விற்ற காசு. இந்தியாவையும் பாருங்கள். மருந்துக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டும் உண்டு என்றது 1970-ம் ஆண்டுச் சட்டம். அதே மருந்துக்கு வேறு வழி தேடித்தேடியே அங்குள்ள வேதியியலாளர்கள் தேறினார்கள். 2005-ல் மருந்துக்கும் காப்புரிமை வந்தபோது தொழில் சொந்தக் காலில் நின்றது.

அச்சாணி:
தேறினார்கள், மறுக்கவில்லை. எதில்? தெரிந்த மருந்தைப் புது வழியில் செய்வதில். புது மருந்து என்றால் பத்து வருடத்துக்கு மேல் பணத்தைக் கொட்ட வேண்டும். மறுநாளே பக்கத்துக் கம்பெனி நகலெடுக்கும் என்றால் எவன் கொட்டுவான்?

முத்திரைத்தாள்:
நான் காப்புரிமை விண்ணப்பம் எழுதிப் பிழைப்பவன். இருவரும் பெரிய கம்பெனிகளை வைத்தே மல்லுக்கட்டுகிறீர்கள். என்னிடம் வருகிறவர்கள் வேறு மாதிரி. ஓர் ஆராய்ச்சி மாணவி, தண்ணீர் வடிகட்டும் சவ்வு ஒன்றைச் செய்திருந்தார். படங்களை மேசையில் பரப்பி அரை மணி நேரம் விளக்கினார். நல்ல வேலை. இதை முன்பே எங்காவது காட்டினீர்களா என்று கேட்டேன். "கருத்தரங்கில் வைத்தேன் சார், பரிசுகூடக் கிடைத்தது" என்றார் சந்தோஷமாக. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. வெளியே காட்டிவிட்டு விண்ணப்பித்தால் ஐரோப்பாவில் அது புதியதாகவே கணக்கில் வராது. அமெரிக்காவில் ஒரு வருடம் அவகாசம் உண்டு. ஆனால் அங்கே வக்கீல் வைக்க அவரிடம் ஏது பணம்? சட்டத்தை இறுக்கினாலும் தளர்த்தினாலும் அவருக்கு ஒன்றுதான். "காட்டுவதற்கு முன் விண்ணப்பம் போடம்மா" என்று சொல்ல அந்தக் கல்லூரியில் ஆள் இல்லை.

கரிக்கோல்:
அதைத்தானே சொல்கிறேன். விதி தெரிந்தவனுக்கு மட்டுமே இந்த விளையாட்டு.

அச்சாணி:
விதி தெரியாததற்கு விதி என்ன செய்யும்? அப்புறம், ஐரோப்பாவில் வழியே இல்லை என்பதும் சரியில்லை. ஜெர்மனியில் பயன்பாட்டு மாதிரி என்று சின்ன உரிமை ஒன்று இருக்கிறது. 10 வருடம் வரைதான் செல்லும். ஆனால் நாமே வெளியிட்டிருந்தால் ஆறு மாதம் வரை மன்னிப்பார்கள். அதைப் போட்டிருக்கலாமே?

முத்திரைத்தாள்:
பார்த்தேன். அவர் என்னிடம் வந்தது எட்டாவது மாதம்.