புதுப்பிப்பு: பனஞ்சிலாகை வில்லின் கீழ்ப்பாதியும் வளையத் தொடங்கிவிட்டது

பழைய வீட்டுக் கூரையில் கழற்றிய பனஞ்சிலாகையில், அதாவது பனைமரச் சட்டத்தில், வில் செய்வதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். நாணை இழுத்தால் மேற்பாதி மட்டும் வளைகிறது, கீழ்ப்பாதி விறைத்து நிற்கிறது என்ற இடத்தில் விட்டிருந்தேன். சரி, இப்போது இரண்டும் சேர்ந்து வளைகின்றன.

மேற்பாதியில் ஏதாவது ஒட்டிப் பலப்படுத்தச் சொல்லி ஒரு அண்ணை எழுதியிருந்தார். வளைகிற இடத்தைத் தொடவே கூடாது என்பதுதான் என் முடிவு. விறைப்பான இடத்தில்தான் மரத்தைக் குறைக்க வேண்டும், அதுவும் எய்பவரைப் பார்த்திருக்கும் உட்பக்கத்தில் மட்டும், ஏனென்றால் இழுவிசையைத் தாங்குவது வெளிப்பக்கம், பனையில் கறுத்த வைர நார்கள் நெருங்கிக் கிடப்பதும் மரத்தின் வெளிப்புறத்தில்தான், அந்த நாரை அறுத்தால் சிம்பு கிளம்பி அங்கேயே முறியும். தடிப்பு பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். அதனால் சீவுளியை வைத்துவிட்டுக் கண்ணாடித் துண்டால்தான் சுரண்டினேன். ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் 20, 30 தரம் மெதுவாக இழுத்து விடுங்கள், அதற்குப் பிறகுதான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். பொறுமை வேண்டும்.

இரண்டு பாதியையும் முற்றாக ஒரே அளவாக்கவில்லை. நாணுக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கீழ்ப்பாதியைவிட மேற்பாதியில் 4 மில்லிமீற்றர் கூடுதலாக விட்டிருக்கிறேன், அதாவது மேற்பாதி சற்றுக் கூடுதலாக வளையும். அம்பு கைக்கு மேலால் போவதால் கீழ்ப்பாதி கொஞ்சம் விறைப்பாக இருப்பது நல்லது.

நாணை முழு அளவுக்கு இன்னும் இழுக்கவில்லை, 24 அங்குல இழுவையில் நிற்கிறேன். மேல் நுனிப்பக்கம் ஒரு சாண் நீளம் நேராகவே இருக்கிறது, அதைச் சரியாக்கிவிட்டுப் படம் போடுகிறேன்.