விதைக்கும் முன் ஒருவர் சொன்ன வார்த்தை: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

மன்னார்குடி தாளடி

2022 தாளடியில், அதாவது குறுவை அறுத்த பின் போடும் இரண்டாம் நெல்லில், நடந்தது. மூன்று போகம் கடந்தும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். உங்களிடமும் இப்படி ஏதாவது இருக்கும்.

அந்த வருஷம் மேட்டூர் மே 24-லேயே திறந்தது நினைவிருக்கும். குறுவை போட்டு செப்டம்பர் பிறந்ததும் அறுத்தாச்சு. தாளடிக்கு பிபிடி ரக நெல் விதை வாங்கி வீட்டில் வைத்துவிட்டேன். வியாபாரி வாசலுக்கே வந்து எடுப்பார், மூட்டைக்கு விலையும் கூட.

உரக்கடையில் எங்கள் வட்டாரத்து உதவி வேளாண்மை அலுவலர் நின்றிருந்தார். என்ன ரகம், எப்போது நாற்று விடுகிறீர்கள் என்று கேட்டார். பிபிடி, 10-ஆம் தேதி என்றேன். அவர் வலது கையை நீட்டி, ஒவ்வொரு விரலாக மடக்கினார். தை, மார்கழி, கார்த்திகை, ஐப்பசி, புரட்டாசி. பின்னோக்கி எண்ணினார்.

"பொங்கல் முடிஞ்சு ஒரு வாரத்துல அறுப்பு வண்டி வயல்ல இறங்கணும். அங்கேயிருந்து எண்ணுனா உங்க கையில 130 நாள்தான் இருக்கு. நீங்க வாங்கி வச்சிருக்கிறது 150 நாள் ரகம்."

"20 நாள்தானே சார்" என்றேன்.

"ஆடுதுறை 39 பாருங்க, இல்லேன்னா டி.கே.எம் 13" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நான் வாங்கின விதையை மாற்றவில்லை.

2023 பிப்ரவரி 1-ஆம் தேதி, தை 18. மழை பிடித்தது. அறுப்பு வண்டிக்கு 5-ஆம் தேதி சொல்லி வைத்திருந்தேன். மூன்று நாளில் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. நாலாம் நாள் காலையில் இறங்கி ஒரு கதிரைத் தூக்கினேன். மேல் பக்க மணி நல்ல பொன் நிறம். தண்ணீரில் கிடந்த அடிப்பக்கத்து மணியில் வெள்ளையாக, ஊசி முனை அளவுக்கு முளை. ஒரே கதிரில் இரண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

பெல்ட் வண்டிக்கு ஏக்கருக்கு ஒரு மணி நேரம் ஆக வேண்டியது மூன்று மணி நேரம் ஆனது. அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது, அதில் பெரும்பகுதி வண்டி வாடகைக்கே சரியாகிவிட்டது. வரப்புக்கு அந்தப் பக்கத்துக்காரர் ஆடுதுறை 39-ஐ ஜனவரி 20 வாக்கில் அறுத்து, வைக்கோலும் கட்டி முடித்துவிட்டார்.

கடைமடை தலைஞாயிறு

அண்ணே, உங்களுக்குச் சொன்னவர் அலுவலர். எனக்குச் சொன்னவர் மதகு திறந்து மூடுகிற லஸ்கர்.

2023 குறுவை. ஜூன் 12-ஆம் தேதி 103 அடியில் அணை திறந்தது. முந்தின நாலைந்து வருஷமும் நல்லாத் தண்ணீர் பார்த்த தைரியம். 9 மாவுக்கும் (மூன்று மா ஓர் ஏக்கர்) நாற்று விட்டேன். ஜூலையில் ஒருநாள் சாயங்காலம் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். பேச்சுவாக்கில் எத்தனை மா என்று கேட்டார், சொன்னேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு, தண்ணீருக்குள் நிற்கிற அளவுக் கல்லைக் காட்டினார்.

"நாலு நாளா இந்தக் கோட்டுலயே நிக்குது தம்பி. அணைல இருக்கிறது இறங்கிட்டேதான் போகும். மேலேருந்து வரணும், வரலை. மூணு மா போடு. மிச்சத்தைச் சம்பாவுக்கு வச்சுக்க."

நாற்றை வீணாக்க மனசு வரவில்லை. 9 மாவும் நட்டேன். செப்டம்பரில், கதிர் வெளிவரும் முன் தொண்டைக்கதிர் சமயத்தில், தண்ணீரை முறை வைத்து விட்டார்கள். கடைமடைக்கு முறை வந்து சேர்வதற்குள் வாய்க்காலில் சேறுதான் மிச்சம். எங்கள் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணீர். வடிகாலில் ஆயில் இன்ஜின் வைத்து இறைத்ததில் 3 மா தேறியது. அவர் சொன்ன அதே 3 மா. மிச்ச 6 மாவில் கதிர் பாதி வெளியே வந்து அப்படியே வெளுத்துப்போனது. மாட்டுக்கு அறுத்துப் போட்டேன்.

அக்டோபர் 10-ல் அணையை மூடினார்கள், நீர்மட்டம் 30 அடி சொச்சம். இப்போதெல்லாம் அணையில் எத்தனை அடி என்று பார்ப்பதோடு விடுவதில்லை. வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

விளாத்திகுளம் கரிசல்

இரண்டு பேரும் எழுதியதைப் படித்தேன். மன்னார்குடி அண்ணாச்சியிடம் ஒன்று சொல்ல வேண்டும். தேதியைப் பின்னால் இருந்து எண்ணுவது உங்களுக்குச் சரி. தண்ணீர் வரும் தேதி ஏதோ ஒன்று உங்களுக்கு இருக்கிறது. மானாவாரியில் அந்தக் கணக்கு எப்படி ஓடும்? எங்களுக்கு ஆரம்பமே கையில் இல்லை.

என் கதை அதே 2023 புரட்டாசிதான். மழைக்கு முன்னாடி புழுதியில் விதைக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். எங்கள் பெரியாச்சி விதைப்பன்று வரப்பில் உட்கார்ந்திருந்தவள், "ஏலே, விதையை ஆழமாப் போடு, மேல் தூத்தலுக்கு முளைச்சிரப்பிடாது" என்றாள். டிராக்டர் ஆளுக்கு அவசரம், அடுத்த காடு காத்திருந்தது. கொழு மேலாகத்தான் ஓடியது. நானும் சும்மா இருந்துவிட்டேன்.

பத்து நாளில் ஒரு தூத்தல். கரிசல் மேல்தோல் மட்டும் நனைந்தது. அப்புறம் பன்னிரண்டு நாள் வெயில். போய் விரலை விட்டுத் தோண்டினேன். பாசிப்பயறு ஊறி, தோல் வெடித்து, முளை அரை விரற்கடை வந்து, பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. கிள்ளினால் பொடியாக உதிர்ந்தது. அடுத்த சாலில் எங்கேயோ கொழு தப்பி ஆழமாக விழுந்த நாலைந்து விதை மட்டும் அப்படியே பச்சையாக, முளைக்காமல் இருந்தது. பெரியாச்சி சொன்னது அந்தக் குழிக்குள் தெரிந்தது.

மறுபடி விதை வாங்கி விதைத்தேன். பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது டிசம்பர் 17, 18 மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. எங்கள் காட்டில் அவ்வளவு இல்லை, ஆனால் கரிசலில் தண்ணீர் நின்றால் பயறு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வெள்ளத்துக்கு யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அந்த முதல் விதைப்புதான் உறுத்துகிறது.

மன்னார்குடி தாளடி

விளாத்திகுளம் அண்ணாச்சி, எங்களுக்குத் தேதி இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஜூன் 12 என்பது வழக்கம், அவ்வளவுதான். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஆரம்பம் எங்கள் கையிலும் இல்லை. அறுப்பு எப்போது வரக் கூடாது என்பது மட்டும் தெரியும், அதனால்தான் அவர் அங்கேயிருந்து எண்ணச் சொன்னார்.

ஓய்வுபெற்ற உதவி அலுவலர், திருவாரூர் மாவட்டம்

துறையில் 30 வருஷம் இருந்தவன். என்னிடமும் ஒன்று உண்டு. புயல் முடிந்த மறுநாள் ஒரு பெரியவர் பயிர்க் காப்பீட்டு ரசீதோடு வந்தார். வாங்கிப் பார்த்தால் புல எண் வேறு. கணினி மையத்தில் ஒரு எண்ணை மாற்றி அடித்திருக்கிறார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு அதே ரசீதைப் படித்தார். அந்த முகத்தை மறக்க முடியவில்லை. அதனால் கேட்காமலே சில விஷயம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சம்பா, தாளடி நெல்லுக்குக் காப்பீட்டுப் பதிவு வழக்கமாக நவம்பர் 15 வரை. கடைசி நாளுக்குப் போகாதீர்கள், அன்று இணையம் படுத்துவிடும். நம் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், மிச்சத்தை அரசுகள் கட்டுகின்றன. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (சாகுபடிச் சான்று) வாங்கும்போதே புல எண், உட்பிரிவு, பரப்பு மூன்றையும் பட்டாவோடு ஒப்பிடுங்கள். ரசீது கையில் வந்ததும் அங்கேயே நின்று மறுபடி படியுங்கள். வங்கிக் கணக்கு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, உங்கள் வயலில் அழிந்தால் உங்களுக்குப் பணம் என்று நினைக்கக் கூடாது. வருவாய்க் கிராமத்தை ஓர் அலகாக எடுத்து, அறுவடைப் பரிசோதனையில் வரும் சராசரியை வைத்துத்தான் இழப்பீடு. ஆனால் அறுத்து வயலில் காயப்போட்டது மழையில் போனால், அறுத்த 14 நாளுக்குள் என்றால், தனி வயலாகவே பார்ப்பார்கள். அதற்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். இது பாதிப் பேருக்குத் தெரியாது.

அப்புறம் உளுந்து. சம்பா, தாளடி அறுப்புக்கு வாரம் பத்து நாள் முன்னாடி, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது தெளித்துவிடுங்கள். இயந்திர அறுப்பு என்றால் நாலைந்து நாள் முன்னாடி போதும், முன்கூட்டி விதைத்தால் சக்கரத்தில் முளை நசுங்கும். பூக்கும்போது ஒரு தடவை, 15 நாள் கழித்து ஒரு தடவை 2 சதவீத டிஏபி உரக் கரைசல் தெளியுங்கள். முந்தின நாளே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும்.

வானிலை முன்னறிவிப்பு விஷயத்திலும் ஒரு குழப்பம் பார்க்கிறேன். ஏப்ரலில் வருவது நாடு முழுக்கத் தென்மேற்குப் பருவமழைக்கானது. "இயல்பு" என்று வந்தால் உங்கள் வயலுக்கு மழை என்று பொருள் இல்லை, நம் டெல்டாவுக்குச் சோறு போடுவது வடகிழக்கு. ரகம் எடுக்க ஒரு கணக்கு, மருந்தடிக்க வேறு கணக்கு. மருந்து, மேலுரம், அறுப்பு இவற்றுக்குச் செவ்வாயும் வெள்ளியும் வரும் ஐந்து நாள் அறிவிப்பைப் பாருங்கள்.

நீடாமங்கலம் வயல்

ஐயா, நல்ல தகவல், குறித்துக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தாளடிக்கு 130 நாள் ரகம் எடுங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் கூட்டத்தில் சொல்கிறார்கள். கூட்டம் முடிந்து விதைக்குப் போனால் அந்த ரகம் இருக்காது, "அடுத்த வாரம் வரும்" என்பார்கள். அந்த ஒரு வாரம்தானே முழு விஷயமும். மன்னார்குடி அண்ணன் விதையை மாற்றவில்லை என்று தன்னையே நொந்துகொள்கிறார். போயிருந்தாலும் கிடைத்திருக்குமா?

வீட்டுக்காரர் வெளிநாட்டில். 4 ஏக்கரும் நானும் மாமியாரும்தான். என் மனசில் நிற்பது கொள்முதல் நிலையம். ஒரு குறுவை அறுப்பு, ஐப்பசி முதல் வாரம். மாமியார், "இன்னும் ரெண்டு வெயில் காட்டு, பல்லுல கடிச்சா டக்குன்னு உடையணும்" என்றார். மேகம் திரண்டு நின்றது. காயவைத்து மழையில் விடுவதா, ஈரமாகவே கொண்டுபோவதா? கொண்டுபோனேன்.

அங்கே ஒருவர் என் குவியலில் கைவிட்டு ஒரு பிடி நெல்லை எடுத்து மிஷினில் போட்டார். நான் அந்தச் சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரப்பதம் 19.8. எடுக்கிற அளவு 17 சதவீதம். அவர் ஒன்றும் சொல்லாமல் அந்தப் பிடி நெல்லைக் குவியலிலேயே போட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார். அன்று ராத்திரி மழை. தார்ப்பாய்க்கு அடியில் கைவிட்டால் நெல் சூடாக இருந்தது. புளித்த மாவு மாதிரி வாசனை. பதினோரு நாள் அங்கேயே கிடந்தோம். மாமியார் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை, தினமும் சோறு கட்டிக்கொண்டு வந்தார்.

இப்போது குறுவை நாற்று விடும் முன்பே அறுப்பு எந்த வாரத்தில் விழும் என்று பார்த்து, 4 ஏக்கரையும் ஒரே நாளில் நடாமல் பத்து நாள் இடைவெளியில் இரண்டாகப் பிரித்து நடுகிறேன். ஆள் கூலி கொஞ்சம் கூடும். வீட்டு வாசலில் காயவைக்க முடிகிற அளவுதான் ஒரு நேரத்தில் வருகிறது.

கடைமடை தலைஞாயிறு

அக்கா சொன்ன பிரித்து நடுவது நல்ல யோசனை. எங்கள் பக்கம் முறைத் தண்ணீருக்கு ஒத்துவருமா என்றுதான் பார்க்க வேண்டும்.

அருப்புக்கோட்டை

விளாத்திகுளம் அண்ணாச்சி, அடுத்த புரட்டாசிக்கு என்ன செய்தீர்கள்? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. எனக்கும் 5 ஏக்கர் மானாவாரி, பாசிப்பயறும் உளுந்தும்தான்.

விளாத்திகுளம் கரிசல்

இரண்டு காரியம். டிராக்டர்க்காரரிடம் முதலிலேயே பேசி, கொழுவை 5 செ.மீ ஆழத்துக்கு வைத்து, முதல் சால் ஓடினதும் நானே இறங்கிக் குச்சியால் அளந்து பார்த்தேன். கூட நூறு ரூபாய் கேட்டார், கொடுத்தேன்.

அடுத்தது விதையைக் கடினப்படுத்துவது, அதாவது வறட்சி தாங்க விதைக்கும் முன் ஊறவைத்து உலர்த்துவது. உளுந்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 100 மில்லிகிராம் துத்தநாக சல்பேட். அதில் கிலோ விதைக்கு 350 மில்லி. அவ்வளவு சின்ன எடையை வீட்டில் நிறுக்க முடியாது. 1 கிராமை 10 லிட்டரில் கரைத்து, தேவையானதை அளந்து எடுங்கள். மூன்று மணி நேரம் ஊறினால் போதும், மேலே விடாதீர்கள், தோல் கழன்றுவிடும். அப்புறம் நிழலில் சாக்கு விரித்துப் பரப்பி, ஊறும் முன் இருந்த எடைக்குத் திரும்பும் வரை உலர்த்த வேண்டும். நான் ஒரு கிலோவைத் தனியாகத் துணியில் முடிந்து வைத்து, அதை மட்டும் மறுபடி மறுபடி நிறுத்துப் பார்த்தேன். முதல் நாள் சாயங்காலம் 1 கிலோ 90 கிராம் காட்டியது. மறுநாள் மத்தியானம்தான் பழைய எடைக்கு வந்தது.