குழலின் அடியில் இருந்த முத்திரைகள்

வடக்கு இத்தாலியின் பிரெஷா நகரில் நான் பராமரித்து வந்த மூதாட்டியின் கணவர் காலமானபோது, அவருடைய 12 போர் (குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் அளவு) இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி மகனுக்கு வந்து சேர்ந்தது. அப்படி ஓர் ஆயுதம் கைக்கு வந்தால் 72 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதால், அதன் விவரங்களை அன்றே தேடத் தொடங்கினோம்.

குழலின் மேல் பெரிதாக 'அச்சாயோ கோஞே' என்று செதுக்கியிருந்ததை நான் தயாரிப்பாளரின் பெயர் என்றே எண்ணினேன். 'அச்சாயோ' என்றால் எஃகு, கோஞே என்பது ஆல்ப்ஸ் மலையில் இரும்புச் சுரங்கம் இருந்த ஊர் என்று மகன் விளக்கினார். எஃகின் பெயரை இவ்வளவு பெரிதாகப் பொறிப்பவர்கள் தங்கள் பெயரை மட்டும் எங்கே மறைத்து வைத்தார்கள் என்று எனக்கு வியப்பாக இருந்தது.

அதற்கான விடையைத் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒரு முதியவர் காட்டினார். அவர் முதலில் துப்பாக்கியை மடக்கி, இரண்டு அறைகளும் காலி என்பதை விரல் விட்டுப் பார்த்துவிட்டு, குழல்களுக்கு அடியில் இருக்கும் மரப்பிடியான முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் தனியே எடுத்தார். அடியில், எண்ணெய் படிந்த இடத்தில், நகக்கண் அளவு முத்திரைகள் வரிசையாக இருந்தன. துப்பாக்கி செய்யும் பெரெட்டா குடும்பம் 1526-இலேயே வெனிஸ் ஆயுதசாலைக்கு 185 குழல்கள் விற்ற கார்தோனே வால் திரோம்பியா என்ற ஊரில், துப்பாக்கிகள் பாதுகாப்பானவையா என்று சுட்டுப் பார்க்க 1910-இல் நிறுவப்பட்ட சோதனை நிலையத்தின் அடையாளம் அவற்றில் ஒன்று. 'பி.எஸ்.எஃப்.' என்பது புகையற்ற வெடிமருந்தால் சோதிக்கப்பட்டதற்கான குறி. ரோம எண்ணில் இருந்த 14, சோதனை நடந்த ஆண்டு 1958 என்றது. 1954-க்கு 10 என்று கொண்டு எண்ண வேண்டுமாம். வலக்குழலில் மூன்று நட்சத்திரமும் இடக்குழலில் ஒன்றும் இருந்தன. நட்சத்திரம் குறையக் குறையக் குழல் வாய் இறுக்கமாகும். 'கேஜி 1,412' என்பது குழல்களின் எடை; அங்கே காற்புள்ளிதான் தசமப் புள்ளி. செய்தவரின் பெயரெழுத்துகள் முன்கட்டைக்குள் மறைந்திருந்தன.

எல்லாவற்றையும்விட அவர் அழுத்திச் சொன்னது '65' என்ற எண்ணைத்தான். அது தோட்டா அறையின் நீளம், மில்லிமீட்டரில். இன்று பரவலாகக் கிடைக்கும் 70 மில்லிமீட்டர் தோட்டாவின் நீளம் சுட்டு விரிந்த பிறகு அளக்கப்படுவதால், சுடாத தோட்டா அந்தச் சிறிய அறைக்குள்ளும் எளிதாக நுழைந்துவிடும். ஆனால் சுடும்போது அதன் முனையில் உள்ள மடிப்பு விரிய இடமின்றி அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். தந்தையின் அலமாரியில் 70 மில்லிமீட்டர் தோட்டாப் பெட்டி ஒன்று இருந்ததை நினைத்து இருவரும் பதறிப்போனோம்.

வீடு திரும்பியதும் மகன் அந்தப் பெட்டியைத் தனியே எடுத்து வைத்தார். துப்பாக்கி உறையின் உட்புறத்தில், தடித்த எழுத்தில் 65 என்று எழுதி ஒட்டினார்.