ஏஇசட்எஃப்-சி ரிப்போர்ட்: மைக்ரோ டீசே (நுண்ணோக்கி வைத்து விரைக்குள்ளிருந்து விந்தணு எடுக்கும் ஆபரேஷன்) செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். அட்மின், பெயர் இல்லாமல் போடுங்கள் ப்ளீஸ்.

என் கணவருக்கு விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். ஒய் குரோமோசோம் டெஸ்ட்டில், அதில் விந்தணு உற்பத்திக்கான ஏஇசட்எஃப்-சி பகுதி இல்லை என்று வந்திருக்கிறது. விரை உருவாகக் காரணமான எஸ்ஆர்ஒய் மரபணு நன்றாகத்தான் இருக்கிறதாம். விந்தணு வளரத் தேவையான டாஸ் மரபணுக்கள்தான் இல்லை. ஏ, பி பகுதிகள் முழுசாகப் போயிருந்தால் வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லையாம். சி என்பதால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விரைக்குள்ளிருந்தே விந்தணு எடுக்க முடிகிறது என்றார் டாக்டர். அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

மைக்ரோ டீசே செய்தவர்கள் எத்தனை நாளில் வேலைக்குப் போனீர்கள்? அப்படி எடுத்த விந்தணுவைக் கருமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் இக்ஸியில் பையன் பிறந்தால் இதே குறை அவனுக்கும் வரும், பெண்ணுக்கு வராது. இதை நீங்கள் எப்படி யோசித்தீர்கள்? மதுரை, திருச்சி பக்கம் மரபணு ஆலோசகர் தெரிந்தால் சொல்லுங்கள்.

லேகியம், டெஸ்டோஸ்டிரோன் ஊசி யோசனைகள் மட்டும் வேண்டாம். அந்த ஊசி இருக்கிற கொஞ்சநஞ்ச உற்பத்தியையும் நிறுத்திவிடும்.