ஓப்பன் ஆபிஸ், லிப்ரே ஆபிஸ்: இதில் எது அசல்?

வைகைக்கரை:

வணக்கம். டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மூன்று கணினியிலும் கடிதம், கணக்கு எல்லாவற்றுக்கும் பல வருடமாக ஓப்பன் ஆபிஸ் என்ற இலவச மென்பொருள்தான். புதிதாக வேலைக்கு வந்த தம்பி, "அண்ணே, இதைத் தூக்கிவிட்டு லிப்ரே ஆபிஸ் போடுங்கள்" என்கிறார். போட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த மாதிரி இருக்கின்றன. லிப்ரே ஆபிஸ், ஓப்பன் ஆபிஸுக்குப் பணம் போட்ட கம்பெனியோடு ஒத்துவராமல் பிரிந்துபோனவர்கள் செய்ததாம். அப்படியானால் எது அசல்? கம்பெனி இல்லாமல் இது எத்தனை நாள் ஓடும்? நின்றுபோனால் என் கோப்புகள் கதி என்ன?

பனைநிழல்:

பெயர் ஒரு பக்கம் போனது, ஆட்கள் இன்னொரு பக்கம் போனார்கள் அண்ணா. குழப்பம் அதனால்தான்.

ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தை 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனம் வாங்கியது. ஸ்டார் டிவிஷனின் ஸ்டார் ஆபிஸ் மென்பொருளின் மூலநிரலை (நிரலாளர்கள் எழுதிய அசல் வரிகளை) யாரும் பார்த்துத் திருத்தும்படி மறு வருடமே திறந்துவிட்டது, அதுதான் ஓப்பன் ஆபிஸ். ஆனால் பெயர் சன்னுடையது. வெளியாள் ஒரு திருத்தம் அனுப்பினாலும் காப்புரிமையைச் சன்னோடு பகிர்ந்துகொள்வதாகக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த மனக்கசப்பு அப்போதிருந்தே உண்டு, நோவெல் என்ற இன்னொரு மென்பொருள் நிறுவனத்து ஆட்கள் கோ-ஊ என்று தனியாக ஒரு பதிப்பே நடத்தினார்கள்.

2010 ஜனவரியில் ஆரக்கிள் என்ற பெரிய மென்பொருள் நிறுவனம் சன்னை வாங்கி முடித்தது. சன் அதேபோல் திறந்துவிட்டிருந்த ஓப்பன் சோலாரிஸ் என்ற இயங்குதளம் அந்த வருடமே கைவிடப்பட்டதைப் பார்த்த ஓப்பன் ஆபிஸ் பங்களிப்பாளர்களுக்கு அடுத்தது நாம்தான் என்ற பயம் வராமல் இருக்குமா? செப்டம்பர் 28 அன்று டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்தார்கள். லிப்ரே ஆபிஸ் என்பது அப்போதைக்கு வைத்த பெயர், பழைய பெயரை ஆரக்கிள் தந்துவிடும் என்று நம்பி, எங்களோடு வந்து சேருங்கள் என்று அழைப்பும் வைத்தார்கள். ஆரக்கிள் தரப்பு என்ன செய்தது தெரியுமா? அக்டோபரில் நடந்த சமூகக் குழுக் கூட்டத்தில், புதிய அமைப்பில் சேர்ந்தவர்கள் இங்கிருந்து விலக வேண்டும் என்றது. வருடக்கணக்காக உழைத்தவர்களை அப்படி வெளியே போகச் சொன்னது எனக்கு இன்றும் ஆறவில்லை.

2011 ஜனவரியில் லிப்ரே ஆபிஸ் 3.3 வந்தது. ஜெர்மனியில் அறக்கட்டளையாகப் பதிய 50,000 யூரோ மூலதனம் வேண்டியிருந்தது, உலகம் முழுக்கப் பயனர்கள் போட்டதில் எட்டே நாளில் சேர்ந்துவிட்டது. ஏப்ரலில் வந்த உபுண்டு 11.04 என்ற லினக்ஸ் இயங்குதளம், லிப்ரே ஆபிஸுக்கு மாறியிருந்தது. அதே மாதம் ஆரக்கிள் தன் வணிகப் பதிப்பை நிறுத்துவதாகச் சொல்லி, ஜூனில் மூலநிரலையும் ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரையும், திறந்த மென்பொருள்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. கேட்ட டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் கைக்குப் பெயர் வரவேயில்லை.

உங்கள் கடையில் இருப்பது அந்த அப்பாச்சி பதிப்பு. 4.1 வந்தது 2014இல். அதற்குப் பிறகு 4.1க்குள்ளேயே சின்னச் சின்னத் திருத்தங்கள்தான்.

ஊசிமுனை:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் கம்பெனி என்றாலே ஆகாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹாம்பர்க்கில் சன் சம்பளம் கொடுத்து வைத்திருந்த பொறியாளர்கள் இல்லையென்றால் இன்று பிரிந்துபோக ஒரு நிரலே இருந்திருக்காது. லிப்ரே ஆபிஸும் சம்பள ஆட்களை நம்பித்தான் பெருமளவு ஓடுகிறது. 2013இல் சூசே என்ற லினக்ஸ் நிறுவனம் தன் லிப்ரே ஆபிஸ் குழுவைக் கொலாபோரா என்ற வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டது, ஆட்கள் அதே வேலையைத்தான் தொடர்ந்தார்கள். 2023இல் ரெட் ஹாட் என்ற இன்னொரு லினக்ஸ் நிறுவனம், தன் லினக்ஸின் வரும் பதிப்புகளில் லிப்ரே ஆபிஸைச் சேர்க்கப் போவதில்லை என்றது. அப்போதும் நிற்கவில்லை, ஏனென்றால் பெயர் அறக்கட்டளையிடம் இருக்கிறது, எந்த ஒரு முதலாளியிடமும் இல்லை. "எத்தனை நாள் ஓடும்" என்று கேட்டீர்களே, நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

தும்பைப்பூ:

நான் நிரலாளர் இல்லை, தமிழ் மொழிபெயர்ப்பில் கொஞ்சம் கை கொடுத்தவள். ஆர்வத்தில் ஒருமுறை மூலநிரலை இறக்கித் திறந்தேன், வரிகளுக்கு நடுவே குறிப்புகள் எல்லாம் ஜெர்மனில் இருந்தன! ஸ்டார் டிவிஷன் காலத்தில் எழுதியவை. பிரிந்து வந்த பிறகு புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் வேலையாக அந்தக் குறிப்புகளை ஆங்கிலமாக்கக் கொடுத்தார்கள். முடிக்கப் பல வருடம் பிடித்தது. ஒரு குறிப்பைத் திருத்தி அனுப்பினால் போதும், நீங்களும் பங்களிப்பாளர்தான். முன்பு கையெழுத்துக் காகிதம் அனுப்பிக் காத்திருந்த இடம் அது.

அண்ணா, கோப்புகளை நினைத்துக் கவலை வேண்டாம். ஓப்பன் ஆபிஸில் சேமித்த ஓடிடி (.odt) கோப்பை இரண்டும் திறக்கும், அந்த வடிவம் 2006லேயே ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பின் தரமாகிவிட்டது. ஆனால் வாடிக்கையாளர் மைக்ரோசாஃப்ட் வேர்டில் செய்த டாக்எக்ஸ் (.docx) கோப்பு கொண்டுவந்தால் அப்பாச்சி பதிப்பு திறக்கும், திரும்ப அதே வடிவத்தில் சேமிக்காது. லிப்ரே ஆபிஸ் சேமிக்கும். உங்கள் கடைக்கு அதுவே போதுமான காரணம்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. தம்பி ஒரு வரியில் சொன்னதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறதா! இன்று கடை சாத்தியதும் ஒரு கணினியில் மட்டும் மாற்றப்போகிறேன். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகை ஒன்று இருக்கிறது, முதலில் அதைத் திறந்து பார்த்துவிட்டு நாளைக்கு எழுதுகிறேன்.