மறு: மறு: ரிஸ்க் அசெஸ்மென்ட் – இடர் மதிப்பீடா, ஏத மதிப்பீடா?

அன்புள்ள குழுவினருக்கு,

திருப்பூர்ச் சாயப்பட்டறை மேற்பார்வையாளர்களுக்கான ரிஸ்க் அசெஸ்மென்ட் படிவம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ஹசார்ட் (hazard) என்பதற்கு 'அபாயம்', ரிஸ்க் (risk) என்பதற்கு 'இடர்' என்று போடலாமா என்பதுதான் நம் விவாதம். இரண்டையும் 'ஆபத்து' என்று எழுதிவிட்டால் படிவத்தால் பயனில்லை. கழிவுநீர்த் தொட்டியின் அடியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு ஹசார்ட். மூடியைத் திறக்காவிட்டாலும் அது அங்கேதான் இருக்கும். அடைப்பெடுக்க ஒருவர் இறங்கினால் மயங்கி விழக்கூடுமா, விழுந்தால் என்ன ஆகும் என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே ரிஸ்க்.

> அபாயம் வடசொல். குறள் 136இல் 'ஏதம் படுபாக் கறிந்து' என்று வருகிறதே. ஹசார்டுக்கு ஏதம், ரிஸ்குக்கு ஏதப்பாடு.

ஐயா, அந்த ஏதம் ஒழுக்கம் தவறுவதால் வரும் குற்றம். குறள் 432இல் அரசனுக்குச் சொல்வதும் குற்றம்தான். படிவத்தைக் குற்றப்பத்திரிகைபோல் நினைத்துவிட்டால் ஆட்கள் உள்ளதைச் சொல்லவே மாட்டார்கள். 'அபாயம்' மின்மாற்றியில் மண்டையோட்டுப் படத்தோடு தொங்கும் சொல், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் தெரியும்.

> சம்பந்தர் 'இடர்களையாய்' என்று பாடியது வந்துவிட்ட துன்பத்தை. இனி வரக்கூடியது எப்படி இடர் ஆகும்?

நல்ல கேள்வி. ஆனால் காப்பீட்டிலும் பங்குச்சந்தை எழுத்திலும் வரக்கூடியதையே இடர் என்று எழுதிப் பழகிவிட்டோம். 'இடர்' பேரிடரோடு குழம்பும் என்று குழுவில் அக்கா எழுதிய கவலை நியாயமானது. பக்கத்திலேயே 'அபாயம்' என்ற கட்டம் இருப்பதால் சமாளித்துவிடலாம்.

எனக்கு உறுத்துவது, விபத்து நடக்கக்கூடுமா என்று குறிக்கும் 'வாய்ப்பு' என்ற கட்டம்தான். சாவதற்கு வாய்ப்பு என்று எப்படி எழுதுவது? 'நிகழ்தகவு' என்பதோ கணக்கு வகுப்போடு நின்றுவிட்ட சொல். 'நடக்கக்கூடுமா?' என்றே கேட்டு, 1 முதல் 5 வரை வட்டமிடச் சொல்லலாம். அங்கேதான் பலர் நடக்காது என்று தவறாக 1 போடுகிறார்கள். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். செறிவு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சம் பங்குக்கு நூறு பங்கு) அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றதும் வாயு போய்விட்டது என்று நம்பி இறங்குகிறார்கள். ஒருவர் விழ, தூக்கப் போனவரும் விழுகிறார். அதனால் வாயுவை அளக்கும் மீட்டரில் பார்த்த அளவை எழுதத் தனி வரி வைத்திருக்கிறேன். ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் யாரும் இறங்கக் கூடாது.

பெரும்பாலோர் அபாயம், இடர், இடர் மதிப்பீடு போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதையே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

---

ஏதம் என்று எழுதியவன் நான்தான். அச்சுக்குப் போகட்டும் தம்பி, தடுக்கவில்லை. அந்த மீட்டர் வரியைப் படிவத்தின் மேலேயே வையுங்கள். ஆனால் ஏதம் வெறும் குற்றம் என்பதை ஏற்க மாட்டேன். குறள் 831ஐப் பாருங்கள்: 'ஏதங்கொண்டு ஊதியம் போக விடல்.' அங்கே ஏதம் ஊதியத்துக்கு எதிர். உரையாசிரியர் பரிமேலழகரும் கேடு பயப்பவை என்றுதான் பொருள் கொள்கிறார். கேடு பயப்பதுதானே ஹசார்ட்? அடுத்த பதிப்பில் அடைப்புக்குறிக்குள்ளாவது ஏதம் வர வேண்டும்.