குறுகிடமா, மெலிவிடமா? (கையேடு திங்கள் அச்சுக்கு)

ஹட்டனிலிருந்து:
வயரிங் வகுப்புக் கையேட்டில் ஒரே ஒரு இடத்தில் நிற்கிறேன். தடித்த வயரிலிருந்து மெல்லிய வயர் பிரியும் இடத்தில், மெல்லியதன் தாங்குதிறனுக்கேற்ற எம்.சி.பி.யோ (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) பியூஸோ வைக்கவேண்டும். அந்த விதிக்குப் பெயர் வேண்டும். போன கிழமை ஒரு லயத்து வீட்டில் 20 அம்பியர் எம்.சி.பி., 2.5 சதுர மில்லிமீற்றர் வயர். அதில் 1 சதுர மில்லிமீற்றரை முறுக்கி இணைத்து, கேத்தலுக்கும் ஹீட்டருக்கும் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் 2 கிலோவாற்று. இரண்டும் சேர்ந்தால் 230 வோல்ற்றில் 17 அம்பியருக்கு மேல். மிச்ச வயரைச் சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். சுருளில் உறை இளகி ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. எம்.சி.பி. அசையவேயில்லை. "குறுகிடக் காப்பு" என்று எழுதியிருக்கிறேன். சரியா?

கண்டியிலிருந்து:
சரியில்லை தம்பி. செய்யுள் விகாரத்தில் (பாட்டின் ஓசைக்காகச் சொல்லை மாற்றுவதில்) குறுக்கல் என்பது நெடிலைக் குறிலாக்குவது, நீளத்தின் சங்கதி. உங்கள் வயர் தடிப்பில்தான் குறைகிறது. வல்லினத்தை மெல்லினமாக்கும் மெலித்தல்தான் பொருத்தம்: "மெலிவிடக் காப்பு". பக்கத்திலேயே "குறுஞ்சுற்று" (ஷோர்ட் சேர்க்கிட்) வேறு வருகிறது, பிள்ளைகள் குழம்புவார்கள். இன்னொன்று. அளவு மிஞ்சி ஏற்றினால் மயிற்பீலி வண்டிக்கும் அச்சு இறும், அதாவது முறியும், என்ற வள்ளுவரிடம் நல்ல வினை இருக்கிறது. எம்.சி.பி.க்கு "இறுப்பான்" என்றால் என்ன?

பண்டாரவளையிலிருந்து:
சேர், இறுப்பது வரியையும்தானே? எம்.சி.பி. யாருக்கு வரி கட்டுகிறது? எங்கள் தோட்டத்தில் பீலி என்றால் தண்ணீர் விழும் பீலி. மயில் இல்லை. நான் 15 வருடமாக வயரிங் செய்கிறேன். "மெலிவு" என்றால் வீட்டுக்காரர் வயருக்குச் சுகமில்லையா என்று கேட்பார். "சின்ன வயர் பாதுகாப்பு" என்று எழுதுங்கள். அப்புறம், அந்த 20 அம்பியர் எம்.சி.பி. 29 அம்பியரில்கூட ஒரு மணித்தியாலம் வரை விழாமல் நிற்கலாம். முதலில் அதைச் சொல்லிக் கொடுங்கள்.

நுவரெலியாவிலிருந்து:
"இடம்" என்பதே எனக்கு உறுத்துகிறது. நாம் பின்பற்றும் பிரித்தானிய வயரிங் விதிகளில் காப்பை 3 மீற்றருக்குள் தள்ளி வைக்கவும் இடமுண்டு: நடுவில் கிளை பிரியக்கூடாது, குறுஞ்சுற்று வர வாய்ப்பைக் குறைத்திருக்கவேண்டும், தீயோ ஆளுக்கு ஆபத்தோ வர வாய்ப்பையும் குறைத்திருக்கவேண்டும். பெயரைப் படிக்கும் பிள்ளை வயர் பிரியும் முனையிலேயே வைக்கவேண்டும் என்றுதானே நினைக்கும்?

கண்டியிலிருந்து:
நினைக்கட்டும் அக்கா. முனையிலேயே வைத்தால் யாருக்கு நட்டம்?

ஹட்டனிலிருந்து:
நேரமில்லை. தலைப்பில் "மெலிவிடக் காப்பு", அடியில் "சின்ன வயருக்குச் சின்ன பியூஸ்". 3 மீற்றர் விலக்கைத் தனிப் பெட்டியில் போடுகிறேன். எம்.சி.பி. எம்.சி.பி.யாகவே இருக்கும்.

கண்டியிலிருந்து:
இறுப்பானை அடுத்த பதிப்பில் பார்ப்போம். பியூஸுக்கு "உருகி" என்று பள்ளிப் புத்தகத்திலேயே இருக்க, அடியில் பியூஸ் ஏன்?